புதிய விசுவாசிக்கு யார் பர்னபா?



அப்போஸ்தலர் நடபடிகள் 9 ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் தமஸ்கு வழியில் வீசிய பேரொளியிலேயே நம் கண்கள் தங்கிவிடுகின்றன. அதே அதிகாரத்தின் 26 ஆம் வசனத்தில் எழுதப்பட்டிருக்கும் ஒரு துக்கத்தை நாம் எளிதில் கடந்துபோகிறோம். சவுல் எருசலேமுக்கு வந்து சீஷர்களின் கூட்டத்தில் இணைய முயன்றார். அவர்களோ அவரை நம்பாமல் அஞ்சி ஒதுங்கினார்கள். ஆண்டவர் ஏற்றுக்கொண்ட ஒருவரை ஏற்றுக்கொள்ளச் சபை தயங்கி நின்றது! அடுத்த வசனத்தில் பர்னபா வருகிறார். சவுலைக் கையோடு அழைத்துச் சென்று அப்போஸ்தலர் முன் நிறுத்தி, அவருக்காகத் தாமே பேசுகிறார். அந்த ஒரு மனிதர் அன்று முன்வராதிருந்தால் சவுல் எத்தனை காலம் வாசலிலேயே நின்றிருப்பாரோ!

புதிதாய் விசுவாசத்துக்கு வந்து, சேர்ந்துகொள்ள ஒரு சபையைத் தேடும் ஆத்துமாக்கள் இன்றும் நம் நகரங்களில் உண்டு. அவர்களில் சிலர் நம்முடைய பெந்தெகொஸ்தே சபைகளில் நிலைத்துவிடுகிறார்கள். சிலரோ வேறொரு வாசலைத் தேடுகிறார்கள். அப்படித் தேடுகிறவரை நாம் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்வியை நம் முன் வைத்த ஒரு நிகழ்வை இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ஜீவனஹள்ளியில் ஓர் அறை

பெங்களூருவின் காக்ஸ் டவுனை ஒட்டியது ஜீவனஹள்ளி. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கும் இதன் சுற்றுப்புறங்களிலும் வாடகை வீடுகளில் குடியிருக்கின்றன. வாணியம்பாடிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து, கார்மெண்ட்ஸ் தொழிற்சாலையில் தையல் வேலை செய்துவந்த ஓர் இளம் சகோதரியும் அவர்களில் ஒருவர். கிறிஸ்தவப் பின்னணி ஏதும் அவருக்கு இல்லை. அடுத்த வீட்டில் குடியிருந்தவர் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்த ஒரு தாயார். சகோதரி அவரை "அக்கா" என்றே அழைப்பார்.

ஒருமுறை சகோதரி காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது, அக்கா கஞ்சி வைத்துக் கொடுத்து, அருகில் உட்கார்ந்து ஜெபித்தார். காய்ச்சல் தணிந்தது. அந்த அன்பு மட்டும் தணியவில்லை. வேலை முடிந்து வந்த இரவுகளில் இருவரும் சேர்ந்து மாற்கு சுவிசேஷத்தை வாசித்தார்கள். சில மாதங்களில் அந்தச் சகோதரி இயேசுவைத் தமது இரட்சகராக ஏற்றுக்கொண்டார். அக்காவின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஞாயிறுதோறும் அவரைத் தம் சபைக்கு அழைத்துப் போனார்.

ஆனால் சபையில் ஒரு காரியம் நடந்துகொண்டே இருந்தது. எல்லாரும் கைகளை உயர்த்திச் சத்தமாய் ஜெபிக்கும் வேளையில் அந்தச் சகோதரி மட்டும் நாவு கட்டுண்டவர்போல் நின்றார். ஒருநாள் கண்ணீரோடு சொன்னார்: "அக்கா, உங்களுக்கெல்லாம் வார்த்தை வருகிறது. எனக்கு வரவில்லை. யாராவது வார்த்தையைக் கையில் கொடுத்தால் நான் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வருவேன்." பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னார். உடன் வேலை செய்யும் பெண் ஒருத்தியின் திருமணத்துக்கு ஒரு சி.எஸ்.ஐ. ஆலயத்துக்குப் போயிருந்தாராம். அங்கே சபையார் யாவரும் ஒரே புத்தகத்தைப் பார்த்து ஒரே ஜெபத்தைச் சேர்ந்து சொன்னது அவருடைய மனதைவிட்டு அகலவில்லையாம். "அப்படிப்பட்ட இடத்துக்கு என்னைச் சேர்த்துக்கொள்வார்களா அக்கா?"

அன்று இரவு அக்கா தூங்கவில்லை. தாம் ஜெபத்தில் பெற்ற பிள்ளையை வேறொரு மந்தைக்கு எப்படி அனுப்புவது? தம் போதகரிடம் போய் அழுதார். போதகர் சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "பெற்ற மகளைக் கட்டிக் கொடுக்கிறோம், அம்மா. கொடுத்த வீடு எப்படி என்று விசாரிக்காமலா கொடுக்கிறோம்? அந்தப் பிள்ளையைத் தனியே அனுப்ப வேண்டாம். நீங்களும் கூடப் போங்கள்" என்றார்.

அந்தச் சபை எது?

வாசகரே, நம்மில் அநேகர் அந்தச் சபையிலிருந்து வந்தவர்கள், அல்லது அதிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவர்கள். ஆயினும் புதிதாய் வருகிறவர் கேட்டால் சொல்லத் தெரிந்திருப்பது நல்லது.

ஆங்கிலிக்கன் சபை என்பது இங்கிலாந்து திருச்சபையின் வழிவந்த சபை. பெங்களூரில் 1809 ஆம் ஆண்டில் ஆங்கிலேயரின் இராணுவக் குடியிருப்பான கண்டோன்மெண்ட் உருவானபோது, தமிழ்ச் சிப்பாய்களும் வணிகரும் தொழிலாளரும் பெருமளவில் வந்து குடியேறினார்கள். தமிழ் ஆராதனையும் அவர்களோடு வந்தது. பவுரிங் மருத்துவமனைக்கு அருகேயுள்ள தூய பவுல் ஆலயம் 1840 ஆம் ஆண்டையொட்டித் தமிழ்ச் சபைக்கென்றே எழும்பியது. ஆக, பிழைக்க வந்த தமிழன் இந்த நகரத்தில் ஆலயம் தேடுவது நேற்றுத் தொடங்கிய கதையன்று.

1947 ஆம் ஆண்டு செப்டம்பர் 27 ஆம் நாள், சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளைச் சேர்ந்த சபைகள் ஒன்றாகி தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அதுவே சி.எஸ்.ஐ. உலகளாவிய ஆங்கிலிக்கன் ஐக்கியத்திலும் அது ஓர் அங்கம். பெங்களூரு ஆலயங்கள் அதன் கர்நாடக மத்தியப் பேராயத்தைச் சார்ந்தவை. ஆகவே தமிழர் ஒருவர் பெங்களூருவில் ஆங்கிலிக்கன் மரபைத் தேடினால் அவர் வந்து சேரும் வாசல் பெரும்பாலும் சி.எஸ்.ஐ. வாசலே.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

அக்காவும் சகோதரியும் முதலில் போன ஆலயத்தின் பெயரை நாம் எழுதவில்லை, எழுதுவது பயனுமில்லை. இருவரும் உள்ளே போய் ஒரு பெஞ்சில் அமர்ந்தார்கள். சற்று நேரத்தில் வந்த குடும்பத்தினர், அது தாங்கள் வழக்கமாக உட்காரும் இடம் என்றார்கள். எழுந்து பின்னால் போனார்கள். ஆராதனை தொடங்கியது. ஆயர் பக்க எண்ணைச் சொன்னார். சகோதரி பக்கத்தைப் புரட்டித் தேடுவதற்குள் சபையார் இரண்டு பதில்களைச் சொல்லி முடித்திருந்தார்கள். எல்லாரும் நின்றபோது அவர் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்தபோது எல்லாரும் முழங்கால்படியிட்டார்கள். எந்த ஜெபப்புத்தகம் தமக்கு வார்த்தை கொடுக்கும் என்று நம்பி வந்தாரோ, அந்தப் புத்தகமே அவரை அந்நியராக்கிவிட்டது.

திருவிருந்து நேரத்தில் பெஞ்சு பெஞ்சாக ஜனங்கள் முன்னே சென்றார்கள். ஞானஸ்நானம் பெறாதவர் அதில் பங்குபெறுவதில்லை என்பது சகோதரிக்குத் தெரியாது. யாரும் சொல்லவுமில்லை. அக்கா தடுப்பதற்குள் எழுந்து வரிசையில் போனவரை ஒருவர் நிறுத்தி, எந்தச் சேகரம் என்று கேட்டார். சேகரம் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியவில்லை. தலை குனிந்து திரும்பினார்.

ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தபோது ஒரு பெரியவர் அன்பாகவே பேசினார். "எந்த ஊர் அம்மா? யார் வீட்டுப் பிள்ளை?" ஊரைச் சொன்னார். "அங்கே நம் சபையார் யாரும் உறவா?" இல்லை என்றார். அதற்குமேல் பேச்சு நீளவில்லை. "வாருங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டு அவர் வேறு யாரிடமோ திரும்பினார். வீடு திரும்பும் ஆட்டோவில் சகோதரி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சில வாரங்கள் கழித்து, அக்காவின் வற்புறுத்தலால் வேறொரு சி.எஸ்.ஐ. ஆலயத்துக்குப் போனார்கள். அங்கும் அதே பெஞ்சுகள், அதே ஜெபங்கள், அதே நிற்றலும் முழங்கால்படியிடுதலும். ஆனால் ஒரு வயதான அம்மையார் நகர்ந்து இடம் கொடுத்தார். சகோதரி பக்கத்தைத் தேடித் தடுமாறுவதைக் கண்டவுடன், தம் புத்தகத்தை இருவருக்கும் நடுவில் விரித்து, சொல்ல வேண்டிய வரியின்மேல் விரலை வைத்தார். ஆராதனை நகர நகர, விரலும் வரிக்கு வரி நகர்ந்தது. திருவிருந்துக்கு முன்பாகக் குனிந்து, "ஞானஸ்நானம் ஆகிவிட்டதா அம்மா?" என்று மெல்லிய குரலில் கேட்டார். இல்லை என்றதும், "அப்படியானால் நானும் நீயும் இங்கேயே ஜெபித்துக்கொண்டிருப்போம். பிறகு ஆயர் ஐயாவிடம் நானே கூட்டிப் போகிறேன்" என்றார். அந்த அம்மையார் அன்று தாம் திருவிருந்துக்குப் போகவில்லை. சகோதரியோடு பெஞ்சிலேயே அமர்ந்திருந்தார்.

பிரியமானவர்களே, இரண்டு ஆலயங்களிலும் ஒழுங்கு ஒன்றே, உபதேசம் ஒன்றே. முதலாவது ஆலயத்தில் யாரும் துன்மார்க்கரல்லர். அங்கு இல்லாமற்போனது அந்த ஒரு விரல் மட்டுமே.

"யார் வீட்டுப் பிள்ளை?"

அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியில் கெட்ட எண்ணம் இருந்தது என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் உறவைத் தேடுவது இயல்பு. ஆயினும் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதைத் தமிழர் யாவரும் அறிவோம். ஊரும் தெருவும் தெரிந்தால் சாதி தெரிந்துவிடும்.

தமிழ்த் திருச்சபையில் இது பழைய காயம். தஞ்சை, திருச்சி, சென்னை வேப்பேரி ஆகிய இடங்களின் சபைகளில் ஒருகாலத்தில் சாதிக்கொரு இருக்கைப் பகுதி இருந்தது. அப்போது தென்னிந்தியாவும் கல்கத்தா பேராயரின் மேற்பார்வையிலேயே இருந்தது. பேராயர் டேனியல் வில்சன் 1833 ஆம் ஆண்டில் ஒரு சுற்றுமடல் அனுப்பி, சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே முற்றிலுமாய் விட்டுவிட வேண்டுமென்று கட்டளையிட்டார். விளைவு என்ன? அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிய மனமில்லாமல் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். சேர்ந்து உட்காருவதைவிடப் பிரிந்து போவதே மேல் என்று எண்ணினார்கள்!

யாக்கோபு தம் நிருபத்தின் 2 ஆம் அதிகாரத்தில் பொன் மோதிரம் அணிந்தவருக்கு நல்ல ஆசனமும் ஏழைக்குக் காலடியில் இடமும் கொடுக்கும் சபையைக் கடிந்துகொள்கிறார். பெஞ்சில் யார் எங்கே உட்காருவது என்பது வேதத்தின் பார்வையில் சிறிய காரியமன்று.

இதை வாசித்துவிட்டு, "அது அவர்கள் சபையின் கதை" என்று நாம் தள்ளிவிட முடியுமா? பெஞ்சுக்குப் பதில் நாம் பாய் விரிக்கிறோம். ஆனால் நம் திருமண விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். நம் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் புதிதாய் வந்தவரிடம் நாம் கேட்கும் இரண்டாவது கேள்வி எது என்று நினைத்துப் பாருங்கள். நம் வாசலிலும் இதே கேள்வி நிற்கிறது.

முன் சென்ற இருவர்

புதிதாய் விசுவாசத்துக்கு வந்து, ஆங்கிலிக்கன் வாசல் வழியாய்ப் பிரவேசித்த நம் நாட்டவர் இருவரை நினைவுகூருவோம்.

ஒருவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827 ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். சாயர்புரத்து மிஷன் பள்ளியில் தமிழாசிரியராயிருந்தார். 1858 ஆம் ஆண்டில் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு முன்னமே விசுவாசத்துக்கு வந்திருந்த நண்பர்களின் உறவு அவருடைய மாற்றத்தில் பெரும்பங்கு வகித்தது. பிற்காலத்தில் "இரட்சணிய யாத்திரிகம்" என்ற காவியத்தைத் தமிழுக்குத் தந்தவர் அவரே.

மற்றவர் பண்டித ரமாபாய். 1858 ஆம் ஆண்டில், இன்றைய கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுப் பகுதியில் பிறந்தவர். படிப்பதற்காக இங்கிலாந்து சென்றவரை வாண்டேஜ் என்னும் ஊரிலிருந்த ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்துச் சகோதரிகள் வரவேற்றார்கள். 1883 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தம் சிறு மகளோடு அங்கே ஞானஸ்நானம் பெற்றார். அவர்கள் அவரை அன்போடு பராமரித்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர் கேள்விகள் கேட்டார். சபை சொல்லுவதால் மட்டும் ஓர் உபதேசத்தை ஏற்க மறுத்து, வேதத்தில் தாமே கண்டறிய விரும்பினார். அது அவரை வரவேற்றவர்களுக்கு வருத்தமளித்தது. புதிய விசுவாசி நன்றியோடு கீழ்ப்படிவார் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். அவர்களுக்கும் அவருக்கும் இடையே நடந்த கடிதங்களில் அந்த வேதனை தெரிகிறது.

பின்னர் இந்தியா திரும்பிய ரமாபாய், கைவிடப்பட்ட பெண்களுக்காக நிறுவிய கேட்காவ் முக்தி ஆசிரமத்தில் 1905 ஆம் ஆண்டில் பெரும் எழுப்புதல் உண்டானது. பெந்தெகொஸ்தே மக்களாகிய நாம் அதை நம் சொந்தச் சரித்திரமாகவே எண்ணி மகிழ்கிறோம். அந்த எழுப்புதலின் தாய் ஞானஸ்நானம் பெற்றது ஆங்கிலிக்கன் சபையில்! வரவேற்பு என்பது உள்ளே விடுவதோடு முடிவதில்லை. வந்தவர் கேள்வி கேட்பதையும் பொறுத்துக்கொள்வதே முழுமையான வரவேற்பு என்பதை அவருடைய வாழ்க்கை நமக்கும் அவர்களுக்கும் கற்றுத்தருகிறது.

தேடுகிறவருக்குச் சில ஆலோசனைகள்

இந்த இதழைக் கையில் வைத்திருக்கும் உங்களில் ஒருவரே அப்படித் தேடுகிறவராயிருக்கலாம். அல்லது உங்கள் பக்கத்து வீட்டில் ஒருவர் இருக்கலாம். அவருக்காக இவற்றைச் சொல்லுகிறோம்.

முதலாவது, ஒரே ஞாயிற்றுக்கிழமையைக் கொண்டு ஒரு சபையைத் தீர்த்துவிடாதேயுங்கள். பெரிய ஆலயங்களில் ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆராதனைகள் நடப்பதுண்டு. சில ஆலயங்களில் மொழிக்கொரு ஆராதனையும் உண்டு. நேரத்தையும் மொழியையும் முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள். கூட்டம் நிறைந்த ஆராதனையில் கிடைக்காத அறிமுகம், வாரநாளில் நடக்கும் சிறிய ஜெபக்கூட்டத்திலோ பெண்கள் ஐக்கியத்திலோ கிடைக்கலாம்.

இரண்டாவது, ஆயரை ஆராதனை முடிந்த அவசரத்தில் அல்ல, வாரநாளில் நேரம் கேட்டுச் சந்தியுங்கள். "நான் புதிதாய் விசுவாசத்துக்கு வந்திருக்கிறேன். எனக்கு இங்கே உறவினர் இல்லை. என்னைக் கற்பித்து வழிநடத்துவீர்களா?" என்று நேராகவே கேளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. அவர் உங்களை யாரிடம் ஒப்படைக்கிறார் என்று கவனியுங்கள். சந்தாவைப் பற்றி முதலில் பேசுகிறாரா, உங்கள் ஆத்துமாவைப் பற்றி முதலில் பேசுகிறாரா என்பதையும் கவனியுங்கள்.

மூன்றாவது, ஒழுங்கை அறிந்துகொள்ளுங்கள். வயதுவந்தவர் ஒருவர் அந்தச் சபையில் சேரும்போது, உபதேச வகுப்புக்குப் பின் ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். பிறகு பேராயர் வந்து தலைமேல் கைவைத்து ஜெபிக்கும் திடப்படுத்தல் ஆராதனை உண்டு. திருவிருந்தில் முழுமையாய்ப் பங்குபெறுவதற்கு அதுவே வழக்கமான வழி. தண்ணீரை ஊற்றியோ முழுக்கியோ ஞானஸ்நானம் கொடுக்க அவர்களுடைய ஒழுங்கு இடமளிக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. முழுக்கு ஞானஸ்நானம் பெற விரும்பினால் ஆயரிடம் தாராளமாய்க் கேட்கலாம். ஏற்கெனவே பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் பெற்றவரானால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஞானஸ்நானம் இரண்டாம் முறை கொடுக்கப்படுவதில்லை.

நான்காவது, எதையும் ஒளிவுமறைவாய்ச் செய்யாதேயுங்கள். உங்கள் குடும்பத்தாரிடம் சாந்தத்தோடு சொல்லுங்கள். சட்டப்படி செய்யவேண்டியது ஏதேனும் உண்டா என்று ஆயரிடம் கேட்டு அதன்படி நடவுங்கள். அவசரத்தில் எடுத்த ஞானஸ்நானம் அநேக வீடுகளில் ஆறாத புண்ணாயிருக்கிறது.

ஐந்தாவது, குறையில்லாத சபையைத் தேடாதேயுங்கள். அங்கே குழுத் தேர்தல் சச்சரவுகளையும் வழக்குகளையும் நீங்கள் கேள்விப்படுவீர்கள். நம் சபைகளில் வேறு விதமான குறைகள் உண்டு. உங்கள் பெயரைக் கேட்டு, அடுத்த வாரமும் அதை நினைவில் வைத்திருக்கும் ஒரு மனிதர் அங்கே உண்டா என்று பாருங்கள்.

கையிலிருந்து கைக்கு

தென்னிந்தியத் திருச்சபை 1950 ஆம் ஆண்டில் தன் திருவிருந்து ஆராதனை முறையை அமைத்தபோது, ஒரு பழைமையான வழக்கத்துக்குப் புத்துயிர் கொடுத்தது. திருவிருந்துக்கு முன்பாக ஆயரிடமிருந்து தொடங்கி, சபையார் ஒருவருக்கொருவர் சமாதானத்தைக் கைகளால் பகிர்ந்துகொள்வதே அது. கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு சேர்த்துவைக்க, இருவரும் தங்கள் இடது கையால் மற்றவருடைய வலது கையை மூடிக்கொள்ளுகிறார்கள். பெற்றவர் அதை அடுத்தவருக்குக் கொடுக்கிறார். சமாதானம் பகிரும் வழக்கம் பின்னாட்களில் மேலைநாட்டு ஆங்கிலிக்கன் சபைகளிலும் பரவியது. அதற்கு முன்னோடியாய் நின்றது நம் தென்னிந்தியா.

இந்த ஒழுங்கில் ஓர் அழகு உண்டு. சமாதானம் கைமாறி வரும்போது உங்கள் பக்கத்தில் இருப்பவர் யாராயிருந்தாலும் கையை நீட்டியே ஆகவேண்டும். அவருடைய ஊரைக் கேட்க அங்கே நேரமில்லை. அந்த ஒரு நிமிடத்தில் செய்வதை மீதி ஆறு நாளும் செய்தால் எந்த ஆலயமும் வரவேற்கும் ஆலயமே.

1910 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியபோது, நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா அங்கே பேசினார். மேலைநாட்டு மிஷனெரிகள் இந்தியருக்காகத் தங்கள் உடைமைகளையும் உயிரையும் கொடுத்ததை நன்றியோடு ஒத்துக்கொண்டார். ஆனால் அவற்றோடுகூட நட்பையும் தாருங்கள் என்று அவர்களிடம் வேண்டினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1912 ஆம் ஆண்டில், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அவர் அபிஷேகம் பெற்றார். அன்று அவர் மேலைநாட்டாரிடம் கேட்டதை இன்று புதிய விசுவாசி நம்மிடம் கேட்கிறார். நாம் துண்டுப்பிரதி கொடுக்கிறோம், ஜெபிக்கிறோம், கூட்டத்துக்கு அழைக்கிறோம். நண்பராயிருக்கிறோமா?

அக்காவின் பங்கு

ஜீவனஹள்ளிச் சகோதரியின் தாயார் ஊரிலிருந்து தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாராம்: "நம் ஜனத்தை விட்டுப் போகிறாய். நாளைக்கு உனக்கு ஒன்று என்றால் தூக்கிப்போட யார் வருவார்கள்?" கொடிய வார்த்தை போலத் தோன்றினாலும் அது தாயின் பயம். ஊரைவிட்டு வந்தவருக்குச் சபை என்பது ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு மட்டுமன்று. நோயில் கஞ்சி கொண்டுவருகிறவரும், திருமணத்தில் கூட நிற்கிறவரும், கல்லறைத் தோட்டம்வரை நடந்து வருகிறவரும் அதிலிருந்தே வரவேண்டும்.

அந்த வயதான அம்மையார் சொன்னபடியே சகோதரியை ஆயரிடம் அழைத்துப் போனார். பல மாதங்கள் ஆயர் அவருக்கு வகுப்பு நடத்தினார். அந்த நாட்களில் சகோதரி ஊருக்குப் போய்த் தம் தாயாரிடம் எல்லாவற்றையும் சொன்னார். தாயார் முதலில் அழுதார். பிறகு, "உன்னோடு யார் இருக்கிறார்கள் என்று நான் வந்து பார்க்கிறேன்" என்றார்.

ஞானஸ்நான நாளில் தாயார் வந்திருந்தார். சகோதரியின் கேள்விப்படி முழுக்கு ஞானஸ்நானமே நடந்தது. சாட்சியாக நிற்பது யார் என்று ஆயர் கேட்டபோது இருவர் எழுந்தார்கள். ஒருவர் புத்தகத்தின்மேல் விரல் வைத்துக் காட்டிய அம்மையார். மற்றவர் கஞ்சி கொடுத்துச் சுவிசேஷம் சொன்ன அக்கா. ஒரு சி.எஸ்.ஐ. தாயாரும் ஒரு பெந்தெகொஸ்தே தாயாரும் இருபுறமும் நிற்க, நடுவில் ஈரத் தலையோடு அந்தப் பிள்ளை நின்றது. பின் வரிசையில் அமர்ந்திருந்த தாயாருக்கு அவர் கேட்ட கேள்விக்கான பதில் கண்முன்னே தெரிந்தது.

அக்கா இன்றும் தம் சொந்தச் சபைக்கே போகிறார். வேலை முடிந்த இரவுகளில் இருவரும் சேர்ந்து வேதம் வாசிப்பது நிற்கவில்லை. சில இரவுகளில் அந்தச் சகோதரி, புத்தகமில்லாமல், தம் சொந்த வார்த்தைகளில் இரண்டொரு வாக்கியம் ஜெபிக்கிறாராம்.

பிரியமான வாசகரே, "நம் ஆத்துமாவைக் கொடுத்துவிட்டோமே" என்று வருந்துகிறீர்களா? ஆத்துமா நம்முடையதன்று, கர்த்தருடையது. பர்னபா சவுலைத் தமக்குச் சீஷனாக்கிக்கொள்ள அழைத்துப் போகவில்லை; சபைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கவே அழைத்துப் போனார். பிற்காலத்தில் சவுலின் பெயர் முன்னாலும் தம் பெயர் பின்னாலும் எழுதப்பட்டபோதும் அவர் முறுமுறுத்ததாக வேதத்தில் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் சபையில், வாசலருகே தனியே நிற்கும் ஒருவரைக் காண்பீர்கள். அவருடைய ஊரைக் கேட்பதற்கு முன் அவருடைய பெயரைக் கேளுங்கள். உட்கார இடம் கொடுங்கள். உங்கள் வேதாகமத்தை நடுவில் விரித்து, வாசிக்கும் வசனத்தின்மேல் உங்கள் விரலை வையுங்கள். அவர் தேடும் சபை உங்களுடையதல்ல என்று பின்னர் தெரியவந்தால், அவரைத் தனியே அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள்.

அந்நியரைச் சேர்த்துக்கொள்ளும் நம் தேவன் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.